முதல் ஏற்றத்தில் பின்னால் வாருங்கள்

கேள்வி: அண்ணா, போன வருடம் தேயிலைத் தோட்டப் பாதைகளில் நடந்த 80 கிலோமீற்றர் மவுண்டன் பைக் போட்டியில் கலந்துகொண்டேன். மொத்த ஏற்றம் 2,400 மீற்றர். முதல் ஏற்றம் முடியும்போது ஐந்தாவது ஆளாக இருந்தேன். 50 கிலோமீற்றர் தாண்டியதும் இரண்டு தொடையும் பிடித்துக்கொண்டன. கடைசி ஏற்றம் முழுக்கச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்தேன், 41ஆவது இடம். வாரத்துக்கு நாலு நாள் ஓட்டுகிறேன். இன்னும் பயிற்சி வேண்டுமா?
– வாசகர், பண்டாரவளை

பதில்: தம்பி, ‘ஐந்தாவது ஆளாக இருந்தேன்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியின் கீழே பேனையால் கோடு போட்டு வைத்திருக்கிறேன். பயிற்சி போதும். அந்த முதல் ஏற்றத்தில்தான் கடைசி ஏற்றத்தையும் சேர்த்துச் செலவழித்துவிட்டீர்கள்.

தொடக்கத்தில் எல்லோருக்கும் கால் லேசாகத்தான் இருக்கும். நன்றாகச் சாப்பிட்டு, தூங்கி எழுந்து வந்து நிற்கிறோம். சுற்றிலும் ஆட்கள், சத்தம். அந்த நேரத்தில் எவ்வளவு மிதித்தாலும் வலிக்காது. ஆனால் செலவு நடந்துகொண்டுதான் இருக்கும். தசையிலும் ஈரலிலும் நாம் சேர்த்து வைத்திருக்கும் மாச்சத்து எல்லாம் சேர்த்து 400, 500 கிராம்தான். நிதானமாக மிதித்தால் உடம்பு கொழுப்பையும் கலந்து எரிக்கும், மாச்சத்து மெல்லக் கரையும். மூச்சிரைக்க மிதித்தால் மாச்சத்தையே அள்ளி எரிக்கும், இரண்டு மணி நேரம் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கினால் பெரிது. உங்கள் போட்டியோ ஐந்தாறு மணி நேரம். கால் பிடித்தால் உப்புக் குறைந்துவிட்டது என்று எல்லோரும் சொல்வார்கள். பெரும்பாலும் பிடிப்பது களைத்துப்போன தசைதான்.

என் அம்மா கொழுந்து பறித்தவர். பள்ளி விடுமுறையில் அவருடன் மலைக்குப் போவேன். ஏறும்போது முந்தி ஓடி, பாதி மலையில் ஒரு கல்லில் உட்கார்ந்திருப்பேன். அவர் அதே நடையில் வந்து, அதே நடையில் என்னைக் கடந்து போவார். “வாய மூடிக்கிட்டு மூக்கால மூச்சு எடுத்து நட” என்பார். பல வருடம் சைக்கிள் ஓட்டிய பிறகுதான் அது எவ்வளவு சரியான அளவுகோல் என்று புரிந்தது. மூக்கால் மட்டும் மூச்சு எடுத்துக்கொண்டு அளவுக்கு மீறி மிதிக்கவே முடியாது.

முதல் ஒரு மணி நேரத்துக்கு அதையே பிடித்துக்கொள்ளுங்கள். செங்குத்தான இடத்தில் வாய் திறந்துவிடும், பரவாயில்லை. ஆனால் பக்கத்தில் வருபவரிடம் ஒரு முழு வசனம் பேச முடிய வேண்டும். “இந்தத் தோட்டத்தில் பெரட்டு எத்தனை மணிக்கு?” (பெரட்டு என்றால் காலையில் வேலைக்கு ஆள் பிரிப்பது) என்று ஒரே மூச்சில் கேட்க முடிந்தால் சரி. “இந்தத் தோட்டத்தில்...” என்று பாதியில் நின்றால் கியரை ஒன்று இறக்குங்கள். அறுபது பேர் முந்திப் போவார்கள். போகட்டும். பார்த்துக்கொண்டிருக்க மனம் கேட்காது, அது எனக்கும் தெரியும். 50ஆவது கிலோமீற்றரில் அவர்களில் பாதிப் பேரை மறுபடி சந்திப்பீர்கள்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. தொடங்கி ஒன்றிரண்டு கிலோமீற்றரில் ஒற்றையடிப் பாதை வந்தால், பின்னால் வருகிறவர் நெரிசலில் மாட்டிக்கொள்வார். பாதையை முன்கூட்டியே போய்ப் பாருங்கள். அப்படி இருந்தால் அந்த ஐந்து நிமிடத்துக்கு மட்டும் கொஞ்சம் செலவழியுங்கள், உள்ளே போனதும் மூச்சுக்குத் திரும்பிவிடுங்கள்.

அப்புறம், நம் தோட்டப் பாதைகளின் கொண்டை ஊசி வளைவு. உள்பக்கம் தூரம் குறைவுதான், ஆனால் சுவர் போல நிற்கும். ஒவ்வொரு வளைவிலும் அதில் எழும்பி நின்று மிதித்தால் தொடை தீர்ந்துவிடும். பாதை காலியாக இருந்தால் வெளிப்பக்கமாகச் சுற்றுங்கள், இரண்டு மீற்றர் கூடினாலும் சாய்வு குறையும்.

இனிச் சாப்பாடு. 19 வயதில் நண்பர்கள் மூவருடன் பண்டாரவளையில் இருந்து லிப்டன் சீட் என்ற மலையுச்சிக் காட்சிமுனைக்குக் கிளம்பினேன். ஹப்புத்தளை ஏற்றத்திலேயே மூவரையும் விட்டுவிட்டு முன்னால் போய்விட்டேன். 1890இல் கட்டிய தம்பேதன்னத் தொழிற்சாலை இருக்கிறதே, அதிலிருந்து மேலே 7 கிலோமீற்றர் ஏற்றம். நாலாவது கிலோமீற்றரில் கண் இருட்டியது. வியர்வை சில்லென்று ஆனது. பிரேக் பிடியில் விரல் நிற்கவில்லை, அப்படி ஒரு நடுக்கம். ஒரு மதகில் உட்கார்ந்துவிட்டேன். பக்கத்து மலையில் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த ஓர் அம்மா இறங்கி வந்தார். போத்தல் மூடியில் பிளேன்டீ ஊற்றித் தந்தார். முடிச்சை அவிழ்த்து என் உள்ளங்கையில் ஒரு குவியல் சீனி வைத்தார். சாயம் ஏறிக் கறுத்த விரல்கள். “நக்கிக்கிட்டே குடி” என்றார். நக்கி முடிக்கும்வரை நகரவில்லை. கால் மணி நேரத்தில், மதகின் விளிம்பில் சிந்திய சீனியை எறும்பு இழுத்துப் போவது தெளிவாகத் தெரிந்தது. நண்பர்கள் மூவரும் பேசிக்கொண்டே ஏறி வந்து சேர்ந்தார்கள்.

அந்தச் சீனி, கிளம்பிய அரை மணியில் என் வாய்க்குள் போயிருக்க வேண்டியது. ஒரு மணி நேரத்துக்கு 60 கிராம் மாச்சத்து என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நடுத்தர வாழைப்பழத்தில் 25 கிராம் அளவுக்கு இருக்கும். இரண்டு பழமும் ஒரு சிறு துண்டு கித்துள் கருப்பட்டியும் என்றால் கணக்கு முடிந்தது. கடையில் விற்கும் மாச்சத்து ஜெல் வாங்க வசதி இருந்தால் வாங்குங்கள், இல்லாவிட்டால் குறையொன்றும் இல்லை. பசி வரும்வரை காத்திருக்கவே வேண்டாம். 20 நிமிடத்துக்கு ஒரு முறை ஒரு வாய். போட்டியன்று புதிதாக எதையும் சாப்பிடவும் வேண்டாம், வயிறு பயிற்சியிலேயே பழகியிருக்க வேண்டும்.

கேள்வி: இதயத் துடிப்புக் காட்டும் கடிகாரம் இல்லாமல் வேகத்தைக் கட்டுப்படுத்த முடியுமா அண்ணா?
– வாசகி, ஹட்டன்

பதில்: முடியும் தங்கச்சி. கடிகாரம் பயிற்சிக்கு நல்லது. போட்டியில் அதை மட்டும் நம்பினால் ஏமாற்றும். தொடக்கக் கோட்டில் பதற்றத்திலேயே துடிப்பு ஏறி நிற்கும். மூன்று மணி நேரம் வெயிலில் ஓடி, உடம்பில் நீர் குறைந்த பிறகு, அதே மிதிக்கே துடிப்பு கூடிக்காட்டும். மூச்சையும் தொடையையும் கேட்டுப் பழகுங்கள். பணம் சேர்ந்தால் கடிகாரத்துக்கு முன்னால் நல்ல டயர் வாங்குங்கள்.

கேள்வி: ஏற்றத்தில் பிரச்சினை இல்லை. இறக்கத்தில்தான் கை விறைத்துப்போகிறது. கீழே வரும்போது ஏறியதை விடக் களைப்பு.
– வாசகர், தலவாக்கலை

பதில்: இறக்கத்தை ஓய்வு என்று நினைத்து யாரும் பயிற்சி செய்வதில்லை. கருங்கல் பதித்த பழைய தோட்டப் பாதையில் அரை மணி நேரம் இறங்கினால் முன்கை, தோள், இடுப்பு எல்லாம் வேலை செய்கின்றன. நீங்கள் பிரேக்கை மேலிருந்து கீழ்வரை லேசாகப் பிடித்தபடியே வருகிறீர்கள் என்று நினைக்கிறேன். பிரேக்கும் சூடாகும், கையும் விறைக்கும். வளைவுக்கு முன்னால், நேராக இருக்கும்போதே, ஒரு விரலால் அழுத்திப் பிடியுங்கள். வேகம் குறைந்ததும் விட்டுவிடுங்கள். விட்ட நேரம் கைக்கு ஓய்வு. முழங்கையை மடக்கி, பெடல் இரண்டையும் சமமாக வைத்து, இருக்கையில் இருந்து எழுந்து நில்லுங்கள். டயரில் காற்றுக் கல் மாதிரி இருந்தால் கொஞ்சம் குறையுங்கள், கல்லின் அடி பாதி அங்கேயே அடங்கும். பிரேக் பிடியை விரலுக்கு எட்டுகிற தூரத்துக்கு முறுக்கி வையுங்கள். சிறிய கை உள்ளவர்கள் பலர் இதைச் செய்யாமலே வருடக்கணக்கில் கஷ்டப்படுகிறார்கள்.

மலை உச்சியில் ஒரு நிமிடம் செலவழித்துக் குடியுங்கள். இறங்கும்போது போத்தலை எடுக்கவே எடுக்காதீர்கள்.

கேள்வி: ஓகஸ்ட் கடைசியில் நுவரெலியாப் பக்கம் ஒரு போட்டிக்கு வர ஆசை. எங்கள் ஊரில் ஏற்றமே இல்லை. எப்படித் தயாராவது?
– வாசகர், மன்னார்

பதில்: உங்களுக்குச் சோளகம், அதாவது தென்மேற்கில் இருந்து வீசும் காற்று இருக்கிறது. பூநகரியில் இருந்து மன்னார் திரும்பும் ஏ32 சாலையில் அது முகத்தில் அடிக்கும். அதற்கு எதிராக, பாரமான கியரில், எழும்பாமல் இருபது நிமிடம் மிதியுங்கள். கொஞ்சம் ஓய்வு, மறுபடி இருபது. நீண்ட ஏற்றத்துக்கு அதைவிடக் கிட்டிய பயிற்சி சமதரையில் இல்லை.

நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். ஊரில் சுலபமாக இருந்த வேகம் அங்கே மூச்சு வாங்க வைக்கும். உங்களுக்கு ஏதோ கோளாறு என்று பயப்பட வேண்டாம், காற்றே கொஞ்சம் மெலிவு. ஊரில் ஓட்டும் வேகத்தில் ஒரு பங்கைக் குறைத்தே தொடங்குங்கள். குளிரில் தாகம் தெரியாது, ஆனாலும் குடிக்க வேண்டும். ஒரு லீற்றர் தண்ணீருக்கு ஒரு ஜீவனி (உப்பும் சீனியும் கலந்த பொடி) பைக்கற்று கரைத்துக்கொள்ளலாம். அந்த மாதம் தூறலும் மூடுபனியுமாக இருக்கும். மெல்லிய மழை அங்கி ஒன்றைச் சட்டைப்பையில் மடித்து வைத்திருங்கள். ஏறும்போது போடாதீர்கள், வியர்வையில் நனைந்துவிடும். உச்சியில் நின்று போட்டுக்கொண்டு இறங்குங்கள்.