சொந்தத் தொழில் தொடங்க வீட்டில் ஆதரவு இல்லை, எனக்கே என் மேல் சந்தேகம் வருகிறது. என்ன செய்வது?

கேட்டவர் கொஞ்சம் விவரமும் கொடுத்திருக்கிறார். தனியார் நிறுவனத்தில் வேலை. அதை விட்டுவிட்டு வீட்டிலேயே தின்பண்டம் செய்து விற்கலாம் என்று எண்ணம். வீட்டில் ஒருவரும் சரி என்று சொல்லவில்லை. கேட்டுக் கேட்டு, அவர்கள் சொல்வதுதான் நியாயமோ என்று இப்போது இவருக்கே தோன்றுகிறது.

நானும் தின்பண்டக்காரிதான். களியக்காவிளையிலிருந்து கொஞ்சம் உள்ளே, கேரள எல்லைக்கு இந்தப் பக்கம், ஏத்தங்காய் சிப்ஸ் போடுகிறேன். மற்ற ஊர்க்காரர்களுக்கு நேந்திரங்காய் என்றால் புரியும். எனக்கும் வீட்டில் யாரும் ஆரத்தி எடுக்கவில்லை.

அப்பாதான் முதலில் வேண்டாம் என்றவர். அவர் ரப்பர் பால்வெட்டு பார்த்தவர். கூலிக்கு வெட்டிக்கொண்டிருந்தவர், நல்ல விலை வந்த காலத்தில் கடன் வாங்கி மரங்களைப் பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்கு, எடுத்தார். 2011 ஏப்ரலில் ரப்பர் ஷீட் கிலோ 240 ரூபாய்க்குப் பக்கத்தில் போனது. 2016 தொடக்கத்தில் அதே ஷீட் 100 ரூபாய்க்கும் கீழே. இடைப்பட்ட வருடங்களில் எங்கள் வீடு எப்படி ஓடியது என்பதை அம்மா இன்றும் பேச விரும்ப மாட்டார். நான் சிப்ஸ் என்று வாயைத் திறந்ததும் அப்பா கேட்டது ஒன்றுதான்: "காயி வெல நம்ம கையிலயா மக்ளே இருக்கு?"

அன்றைக்கு எனக்குக் கோபம்தான் வந்தது. பெண் என்பதால் நம்பவில்லை, படித்த படிப்புக்கு ஏதாவது ஆபீசில் உட்கார்ந்தால் போதும் என்று நினைக்கிறார், இப்படியெல்லாம் ஓடியது மனசு. யோசித்துப் பார்த்தால் அந்தக் கேள்வியில் நான் எங்குமே இல்லை. அவர் பேசியது 2016-ஐப் பற்றி. என்னால் முடியுமா முடியாதா என்ற பேச்சையே அவர் எடுக்கவில்லை.

உங்கள் வீட்டிலும் இதைக் கவனித்துப் பாருங்கள் என்பேன். 'வேண்டாம்' என்று சொல்கிற ஒவ்வொருவருக்கும் பின்னால் பெரும்பாலும் ஒரு பழைய நஷ்டம் இருக்கும். யாரோ ஒரு மாமா கடை வைத்து மூடியிருப்பார், சீட்டுக் கம்பெனியில் பணம் போயிருக்கும், பங்காளி ஏமாற்றியிருப்பார். உங்களுக்கு என்மேல் நம்பிக்கை இல்லையா என்று கேட்டால் சண்டைதான் வரும். அந்தக் கடை எப்படி மூடிப்போனது என்று கேளுங்கள், உட்கார்ந்து பேசுவார்கள். இலவசமாகக் கிடைக்கிற தொழில் பாடம் அது. என் அப்பாவின் கேள்வி எனக்கு அப்படித்தான் பயன்பட்டது.

எப்படி என்றால், ஏத்தங்காய் விலை ரப்பரைவிட மோசமாக ஆடும். ஆவணி பிறக்கும்போதே திருவனந்தபுரம் பக்கம் ஓணத்துக்குக் காய் எடுக்கத் தொடங்கிவிடுவார்கள். ஓண சத்யாவில், அதாவது ஓண விருந்தில், இலையின் ஓரத்தில் உப்பேரியும் (இந்தச் சிப்ஸ்தான்) சர்க்கரைவரட்டியும் (வறுத்த காய்த்துண்டை வெல்லப்பாகில் புரட்டியது) இல்லாமல் ஒரு வீடும் இருக்காது. சிப்ஸுக்குக் கேட்பு உச்சத்தில் இருக்கிற அதே வாரங்களில்தான் காயும் எண்ணெயும் உச்சத்தில் இருக்கும். 2025 ஓணத்துக்கு முன்னால் கேரளத்தில் தேங்காய் எண்ணெய் லிட்டர் 400 ரூபாயைத் தாண்டி ஏறிக்கொண்டே போனது நினைவிருக்கும். பாமாயிலில் போட்டால் எல்லைக்கு அந்தப் பக்கம், கேரளத்துப் பாறசாலைக் கடைக்காரர் மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய் விட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவார். அங்கே தேங்காய் எண்ணெய் வாசம் இல்லாவிட்டால் அது சிப்ஸே இல்லை.

இப்போது உங்கள் கேள்வியின் இரண்டாவது பாதிக்கு வருகிறேன். ராத்திரி படுத்தால் 'எனக்கு இதெல்லாம் ஆகுமா' என்று ஒரு குரல் வரும் அல்லவா, எனக்கும் வந்தது, இன்னும் வரும். அதற்குப் பதிலே கிடையாது. தன்னம்பிக்கைப் பேச்சு வீடியோ பார்த்தால் கேட்கும்வரை நன்றாக இருக்கும், அணைத்தவுடன் போய்விடும். எனக்கு உதவியது ஒரு நாற்பது பக்க நோட்டு. 'எனக்கு ஆகுமா' என்று தோன்றும்போதெல்லாம் 'கிலோவுக்கு எவ்வளவு நிற்கும்' என்று எழுதிப் பார்ப்பேன். அந்தக் கேள்விக்குப் பதில் உண்டு.

ஒரு கணக்கு காட்டுகிறேன். ஒரு கிலோ சிப்ஸுக்கு ஏறக்குறைய நாலு கிலோ பச்சைக்காய் வேண்டும். தொலியிலும் தண்ணீரிலுமே பெரும்பகுதி போய்விடும். காய் கிலோ 40 என்று வைத்தால் 160 ரூபாய். காய் இழுக்கிற எண்ணெய் முந்நூறு கிராமுக்குக் குறையாது, எண்ணெய் 400 என்றால் அதற்கு 120. கேஸ், தொலி உரிக்கிற கூலி, கவர், லேபிள், ஆட்டோ எல்லாம் சேர்த்து ஒரு 50. ஆக 330. கடைக்காரர் 340-க்குக் கேட்கிறார், அதுவும் பணம் அடுத்த வாரம். பத்து ரூபாய்க்காக அடுப்பில் வேக வேண்டுமா? இந்த இடத்தில் வருகிற சந்தேகம் நல்ல சந்தேகம், அதை விரட்டக் கூடாது. கடையை மாற்றலாமா, சின்னப் பாக்கெட்டாகப் போட்டால் கிலோவுக்கு எவ்வளவு கூடும், விலை ஏறும்போது ஏற்றித் தருவதாக முதலிலேயே பேசிக்கொள்ளலாமா என்று அடுத்தடுத்துக் கேட்க வைக்கும். நான் மூன்றாவதைத்தான் செய்தேன். காய் விலை இத்தனைக்கு மேல் போனால் சிப்ஸ் விலை இத்தனை கூடும் என்று கடைகளில் முன்னாலேயே சொல்லிவைத்தேன். சில கடைகள் ஒத்துக்கொள்ளவில்லை, போகட்டும். அப்பாவிடம் நோட்டைக் காட்டியபோது அவர் பார்த்தது அந்தப் பக்கத்தை மட்டும்தான். ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அதன் பிறகு மார்த்தாண்டம் சந்தைக்குப் போனால் காய் விலை கேட்டுவந்து சொல்ல ஆரம்பித்தார். ஆதரவு என்று இதைச் சொல்லலாமா தெரியாது, எனக்கு அது போதுமாக இருந்தது.

வீட்டுக்காரர் மஸ்கட்டில். அவர் எதிர்க்கவே இல்லை. "நீ என்ன வேணும்னாலும் செய்" என்றார். கேட்பதற்கு இதுதான் முழு ஆதரவு மாதிரி இருக்கும். உண்மையைச் சொன்னால், அப்பாவின் 'வேண்டாம்' தந்த தெளிவில் பாதிகூட இந்த 'செய்' தரவில்லை. நஷ்டம் வந்தால் அது என் நஷ்டம், லாபம் வந்தால் வீட்டுச் செலவுக்கு ஆச்சு என்கிற மாதிரி ஒரு செய். அதனால் அவரிடம் ஒன்றைக் குறிப்பாகக் கேட்டேன்: முதல் ஒரு வருடம் வீட்டுச் செலவு முழுக்க உங்கள் பணத்தில் ஓடட்டும், கடைப் பணத்தில் நானும் கை வைக்க மாட்டேன், நீங்களும் கேட்கக் கூடாது. இதற்குத்தான் அவர் யோசித்தார். யோசித்துச் சரி என்றார். பொதுவாகக் கிடைத்த சம்மதத்தைவிட யோசித்து வந்த இந்தச் சரிதான் உபயோகப்பட்டது. இரண்டு பணத்தையும் கலந்துவிட்டால் தொழில் ஓடுகிறதா, சம்பளம் ஓடுகிறதா என்று யாருக்குமே தெரியாது.

அண்ணனைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. 'சிப்ஸ்காரி' என்று கூப்பிட்டான், இன்னும் கூப்பிடுகிறான்.

மாமியின் கதை வேறு. (எங்கள் பக்கம் மாமியாரை மாமி என்போம்.) அவருக்குக் கவலை நாலு பேர் என்ன சொல்வார்கள் என்பதுதான். மகன் வெளிநாட்டில் சம்பாதிக்கும்போது மருமகள் சிப்ஸ் வறுத்து விற்பது அவருக்குக் குறைச்சலாகப் பட்டது. அடுக்களைப் பக்கமே வர மாட்டார். நான் அவரைச் சமாதானம் செய்ய முயலவே இல்லை. ஒருநாள் எண்ணெய் காய்ந்திருக்கும்போது, "மாமி, உப்புத்தண்ணி இப்ப ஊத்தலாமா, இன்னும் கொஞ்சம் போகட்டுமா?" என்று மட்டும் கேட்டேன். கல்யாண வீடுகளில் எத்தனையோ உருளி சிப்ஸ் போட்ட கை அவருடையது. மஞ்சள் தண்ணீரில் போட்டெடுத்த காயை எண்ணெய்க்கு நேர் மேலே பிடித்து சீவுவதும், பாதி வெந்ததும் உப்புத்தண்ணீரை ஒரு கரண்டி அளவாக ஊற்றுவதும், எண்ணெய் சீறி அடங்குகிறவரை விலகி நிற்பதும் அவருக்கு உடம்பிலேயே இருக்கிறது. பதமாகிவிட்டதா என்பதை அவர் கண்ணால் பார்க்க மாட்டார். கரண்டியால் கிளறும்போது வருகிற சத்தம் ஈரமாக இருந்தால் இன்னும் போகட்டும் என்பார், காய்ந்த சருகு மாதிரி கலகலத்தால் கோரி எடு என்பார். வாசலில் நின்றபடி சொல்ல ஆரம்பித்தவர், பிறகு ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டார். உரித்த தொலியை வீணாக்கக் கூடாது என்று பயறு சேர்த்துத் துவரன் (தேங்காய் போட்ட பொரியல்) வைப்பதும் அவர் யோசனைதான். இன்றைக்கும் பக்கத்து வீட்டில் "இவளுக்கு எதுக்கு இந்தப் பாடு" என்றுதான் சொல்வார். சொல்லட்டும், கை என் பக்கம் இருக்கிறதே.

இதனால்தான் சொல்கிறேன், வீட்டாரிடம் நம்பிக்கையைக் கேட்டு நிற்க வேண்டாம். அது அவர்கள் கையிலும் இல்லை. அவர்களால் செய்ய முடிந்த ஒரு வேலையைக் கேளுங்கள். காய் விலை கேட்டு வருவது, மாலையில் பிள்ளையைப் பார்த்துக்கொள்வது, பில் எழுதுவது, எதுவானாலும் சரி. வேலை செய்ய வந்தவர்கள் தானாகவே தொழிலைப் பற்றி அக்கறையாக நாலு கேள்வி கேட்பார்கள்.

கடன் விஷயத்தில் மட்டும் வீட்டாரின் பயத்தை நான் முழுதாக ஏற்றுக்கொண்டேன். நகையும் வீட்டுப் பத்திரமும் தொடாமல் தொடங்க முடியுமா என்று பார்த்தேன். முத்ரா திட்டத்தில் சிசு என்ற பிரிவில் 50,000 ரூபாய் வரை ஈடு இல்லாமல் தருகிறார்கள். பெரிய அடுப்பு, உருளி, தராசு, பாக்கெட் ஒட்டும் மெஷின், முதல் சுற்றுக் காய், எண்ணெய் எல்லாவற்றுக்கும் அது போதாது, ஆனால் பாதிக்கு மேல் வரும். நகை பீரோவில் இருக்கிறது என்று தெரிந்த பிறகு வீட்டில் குரல்கள் தணிந்ததை நான் கண்ணால் பார்த்தேன். உணவுப் பாதுகாப்புப் பதிவையும் உடனே எடுத்துவிடுங்கள். நான் எடுத்தபோது சிறு தயாரிப்பாளருக்கு வருடக் கட்டணம் 100 ரூபாய்தான். அந்தச் சான்றிதழைக் கண்ணாடி போட்டு மாட்டியதும் மாமியே வந்தவர்களுக்குக் காட்டினார். சர்க்கார் முத்திரைக்கு எங்கள் ஊரில் தனி மரியாதை.

நீங்களும் எல்லைப் பக்கம் என்றால் ஒரு விஷயம், இதை யாரும் முன்னால் சொல்வதில்லை. சரக்கு விற்பவர்களுக்கு ஆண்டு விற்பனை 40 லட்சம் வரை ஜிஎஸ்டி பதிவு வேண்டாம் என்று எல்லோரும் சொல்வார்கள். அது சொந்த மாநிலத்துக்குள் விற்றால். இங்கிருந்து சென்னைக்கு, எழுநூறு கிலோமீட்டர் தள்ளி அனுப்பினாலும் அந்தச் சலுகை உண்டு. கூப்பிடு தூரத்தில் இருக்கிற பாறசாலைக் கடைக்கு வரி உள்ள சரக்கை அனுப்பினால் முதல் பில்லிலிருந்தே பதிவு கட்டாயம், ஏனென்றால் அது வேறு மாநிலம். குறைந்த விகிதத்தில் மொத்தமாக வரி கட்டுகிற காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்கள் வெளிமாநிலத்துக்கு அனுப்பவே முடியாது. எல்லை தாண்டி அமரவிளையில் முன்பு கேரள வணிகவரிச் செக்போஸ்ட் இருந்தது, 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்ததும் போய்விட்டது. நிறுத்திக் கேட்க ஆளில்லை என்பதால் எல்லைக்கோடே இல்லை என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். நான் முதலில் மார்த்தாண்டம், குழித்துறை, நாகர்கோவில் கடைகளுக்கு மட்டும் கொடுத்தேன். பதிவு எடுத்த பிறகுதான் அந்தப் பக்கம் போனேன். உங்கள் கணக்கில் கேரளச் சந்தை இருந்தால் கணக்கு எழுதுகிறவரின் மாதச் செலவையும் சேர்த்துப் போடுங்கள்.

வேலையை விடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். என்னைக் கேட்டால், இப்போது விட வேண்டாம். லீவு நாளில் போட்டு, தெரிந்த கடைகளில் கொடுத்துப் பாருங்கள். முதல் ஆர்டரை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள், அது முகத்துக்காகக் கிடைப்பது. சொந்தக்காரர்கள் வாங்குவதைக் கணக்கிலேயே சேர்க்க வேண்டாம். உங்களை முன்பின் தெரியாத கடைக்காரர், நீங்கள் போய் நிற்காமலேயே அவராக போன் செய்து இன்னும் அஞ்சு கிலோ வேண்டும் என்கிறாரா, பழைய பாக்கியையும் தருகிறாரா என்று பாருங்கள். ஓணம், கிறிஸ்துமஸ் மாதிரி ஏறுமுகமான ஒரு சீசனும், ஆடி மாதிரி மந்தமான ஒரு சீசனும் கடந்த பிறகும் இது நடந்தால், ராஜினாமா கடிதத்தோடு அந்த நோட்டையும் வீட்டில் கொண்டுபோய் வையுங்கள். நடக்கவில்லை என்றால் சம்பளம் கையில் இருக்கும்போதே தெரிந்துவிட்டது, வேறு பண்டம் போட்டுப் பார்க்கலாம். அப்போதும் வீட்டில் முணுமுணுப்பு இருக்கும். எங்கள் வீட்டில் இன்னும் இருக்கிறது.