முதலில் ஸ்கேன், பிறகு ஸ்டென்ட்: பித்தநாளக் கட்டிக்கான அறுவைச் சிகிச்சையும் முப்பரிமாண மாதிரியும்

கேள்வி: நாங்கள் தண்டையார்பேட்டையில் வசிக்கிறோம். 57 வயதான என் அம்மாவுக்கு மூன்று வாரமாக மஞ்சள் காமாலை. கல்லீரலின் இரண்டு பக்கப் பித்தநாளங்களும் சேரும் இடத்தில் கட்டி இருப்பதாக அல்ட்ராசவுண்டில் தெரிந்தது. அடுத்த வாரம் ஸ்டென்ட் வைக்கப் போவதாகவும், பிறகு கல்லீரலின் வலப்பக்கத்தை எடுக்க வேண்டியிருக்கும் என்றும், அதற்கு முன் கம்ப்யூட்டரில் 'த்ரீ டி மாடல்' செய்து பார்ப்போம் என்றும் சொல்கிறார்கள். கட்டி நடுவில்தானே இருக்கிறது, பாதிக் கல்லீரலை ஏன் எடுக்க வேண்டும்? அந்த மாடலுக்குத் தனியாகப் பணம் கட்டச் சொல்கிறார்கள், அது அவசியமா? கையில் இருக்கும் பிலிம் போதாதா?

பதில்: மாடலைப் பற்றிப் பேசுவதற்கு முன், அடைபட்ட பித்தநீரை வடிய வைக்கும் சிறு குழாயான ஸ்டென்ட்டைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது, ஏனெனில் அடுத்த வாரம் நடக்கவிருப்பது அதுதான். உங்கள் தாயாருக்கு இதுவரை எடுத்தது அல்ட்ராசவுண்ட் மட்டும்தான் என்றால், மருந்து செலுத்தி எடுக்கும் சி.டி. ஸ்கேனும், பித்தநாளங்களைக் காட்டும் எம்.ஆர்.சி.பி. ஸ்கேனும் ஸ்டென்ட் வைப்பதற்கு முன்பே எடுக்கப்பட வேண்டும். இதை நாளைக்கே மருத்துவரிடம் கேளுங்கள்.

காரணம் எளியது. கட்டி வழியை அடைத்திருப்பதால் மேலே உள்ள நாளங்களில் பித்தநீர் தேங்கி, அவை வீங்கியிருக்கின்றன. எம்.ஆர்.சி.பி. தேங்கிய நீரைப் பளிச்சென்று வெண்மையாகக் காட்டும் பரிசோதனை. ஆகவே வீங்கிய நாளங்கள் கிளை கிளையாகத் தெளிவாகத் தெரியும், கட்டி எந்தக் கிளை வரை ஏறியிருக்கிறது என்பதும் தெரியும். ஸ்டென்ட் வைத்ததும் தேங்கிய நீர் வடிந்து நாளங்கள் சுருங்கிவிடும். உள்ளே காற்று புகும். ஸ்டென்ட் உரசும் இடத்தில் நாளத்தின் சுவர் அழற்சியால் தடித்து, கட்டியைப் போலவே தோன்றும். அதன் பிறகு எடுக்கும் படத்தில் கட்டியின் எல்லை எது, அழற்சி எது என்று பிரிப்பது அனுபவம் உள்ள கதிரியக்க மருத்துவருக்கும் கடினம். ஸ்டென்ட் வைத்த பிறகு எடுத்த ஸ்கேனோடு வரும் குடும்பங்களை நான் அடிக்கடி பார்க்கிறேன். அந்தப் படங்களிலிருந்தும் மாதிரி செய்துதான் கொடுக்கிறோம். ஆனால் அறுவை மருத்துவருக்கு மிகவும் தேவையான இடத்தில், அதாவது நாளங்கள் பிரியும் அந்த ஒன்றிரண்டு சென்டிமீட்டரில், நாங்கள் கொடுப்பது அளவு அல்ல, ஊகம். இது எனக்கு ஒவ்வொரு முறையும் வருத்தம் தருகிறது, ஏனெனில் தவிர்க்கக்கூடிய இழப்பு இது.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு, அதை மறக்கக் கூடாது. குளிர் நடுக்கத்துடன் காய்ச்சல், ரத்த அழுத்தம் இறங்குதல், பேச்சில் தடுமாற்றம் ஆகியவற்றில் எது வந்தாலும் பித்தநாளத்தில் கிருமித் தொற்று ஏற்பட்டிருக்கக்கூடும். அப்போது ஸ்கேனுக்காகக் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். தேங்கிய நீரை வடியவிடுவதே முதல் வேலை.

ஸ்டென்ட்டில் இன்னொரு விஷயமும் அடங்கியிருக்கிறது. பொதுவாக, அறுவைக்குப் பின் உடலில் மிஞ்சப்போகும் பக்கத்தின் பித்தநீரைத்தான் வடிய வைக்க வேண்டும். அந்தப் பக்கம்தான் காமாலையிலிருந்து தேறி, முழு உடலுக்கும் வேலை செய்ய வேண்டியது. உங்கள் தாயாருக்கு வலப்பக்கத்தை எடுப்பது என்றால் இடப்பக்கம் வடிய வேண்டும். எந்தப் பக்கத்தை வைத்துக்கொள்ளப் போகிறோம் என்று முடிவாகாமல் ஸ்டென்ட் வைப்பது, எந்த ஊருக்குப் போகிறோம் என்று தெரியாமல் பஸ் ஏறுவதைப் போன்றது. ஆகவே ஸ்டென்ட் வைக்கும் குடல் நோய் மருத்துவரும், அறுவை மருத்துவரும், படம் பார்க்கும் மருத்துவரும் முன்கூட்டியே கலந்து பேசினார்களா என்று கேட்பதில் தவறே இல்லை.

கட்டி நடுவில் இருக்கப் பாதிக் கல்லீரலை ஏன் எடுக்க வேண்டும் என்ற கேள்வியை ஏறக்குறைய எல்லாக் குடும்பங்களும் கேட்கின்றன. வெளியிலிருந்து பார்த்தால் கல்லீரல் ஒரே துண்டான உறுப்பு. உள்ளே அது பல பகுதிகளாகப் பிரிந்திருக்கிறது. ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனியாக ஒரு தமனி, குடலிலிருந்து ரத்தம் கொண்டுவரும் போர்ட்டல் சிரையின் ஒரு கிளை, பித்தநீர் வெளியேற ஒரு நாளம். பிரெஞ்சு மருத்துவர் குய்னோ 1957-இல் விளக்கிய எட்டுப் பகுதிப் பிரிவைத்தான் இன்றும் உலகம் முழுவதும் பின்பற்றுகிறார்கள். வண்ணாரப்பேட்டையில் ஒரு தெருவின் குடிநீர் வால்வை மூடினால் அந்தத் தெருவிலிருந்து பிரியும் சந்துகள் எல்லாவற்றிலும் தண்ணீர் நின்றுவிடும், பக்கத்துத் தெருவுக்கு ஒன்றும் ஆகாது, கல்லீரலும் அப்படித்தான். ஒரு கிளைக் குழாயை எடுத்துவிட்டால், அதை நம்பியிருக்கும் பகுதியை உள்ளே விட்டுவைக்க முடியாது. தண்ணீர் வந்தால் மட்டும் போதாது, கழிவுநீர் வெளியேறவும் வழி வேண்டும் என்பதைப் போல, மிஞ்சும் பகுதியிலிருந்து பித்தமும் ரத்தமும் வெளியேறும் பாதைகளும் குறையாமல் இருக்க வேண்டும்.

உங்கள் தாயாருக்கு இருப்பதைப் போன்ற கட்டிகளில் வலப்பக்கம் அடிக்கடி தேர்ந்தெடுக்கப்படுவதற்கு உடலமைப்பே காரணம். வலப்பக்கக் கல்லீரலுக்குச் செல்லும் தமனி, பெரும்பாலானோருக்குப் பொதுப் பித்தநாளத்தின் பின்புறமாக, கட்டி வளரும் இடத்தை ஒட்டியே கடந்து செல்கிறது. இடப்பக்கத் தமனியோ சற்று ஒதுங்கிப் போகிறது. வலப்பக்க நாளம் கல்லீரலுக்கு வெளியே ஒரு சென்டிமீட்டர் அளவே நீளம். இடப்பக்க நாளம் அதைவிட நீளம் என்பதால், கட்டியிலிருந்து தள்ளி, நோயில்லாத இடத்தில் வெட்டிச் சிறுகுடலோடு இணைக்க அங்கே இடம் கிடைக்கிறது. பின்புறம் இருக்கும் முதலாம் பகுதியின் சிறு நாளங்கள் அந்தச் சந்திப்பிலேயே வந்து சேர்வதால், அதையும் சேர்த்தே எடுப்பார்கள். கட்டி இடப்பக்கம் அதிகம் ஏறியிருந்தால் இந்தக் கணக்கு மாறிவிடும்.

இப்போது மாதிரிக்கு வருகிறேன். சி.டி. கருவி வயிற்றை மெல்லிய துண்டுகளாகப் படம் பிடிக்கிறது. கைக்குள் மருந்து செலுத்திய பிறகு தமனிகள் நிறையும் நேரத்தில் ஒரு முறை, ஒரு நிமிடத்துக்குச் சற்றுப் பிறகு சிரைகள் நிறையும் நேரத்தில் இன்னொரு முறை என்று, துண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில், நூற்றுக்கணக்கான படங்கள் கிடைக்கும். ஒவ்வொரு துண்டிலும் இது கல்லீரல், இது தமனி, இது போர்ட்டல் சிரை, இது கட்டி என்று வண்ணம் தீட்டி அடுக்கினால் முப்பரிமாண மாதிரி உருவாகிறது. முன்பு இதைக் கையால் வரைய மணிக்கணக்கில் ஆகும். இன்று செயற்கை நுண்ணறிவு மென்பொருள் சில நிமிடங்களில் முதல் வரைவைத் தந்துவிடுகிறது. ஆனால் காமாலையால் வீங்கிய நாளத்தை அது சிரை என்று எடுத்துக்கொள்வதுண்டு, எல்லை மங்கிய கட்டியைத் தவறவிடுவதுமுண்டு. ஒரு கதிரியக்க மருத்துவர் துண்டு துண்டாகச் சரிபார்த்துக் கையொப்பமிடாத மாதிரியை நான் ஏற்க மாட்டேன்.

மாதிரியின் பெரும் பயன் அதன் வண்ணத்தில் இல்லை, அது தரும் ஓர் எண்ணில் இருக்கிறது: வெட்டிய பிறகு மிஞ்சும் கல்லீரல் எவ்வளவு? நோயற்ற கல்லீரல் என்றால் மொத்தத்தில் 20 முதல் 25 சதவீதம் மிஞ்சினால் பொதுவாகத் தாங்கும். கீமோதெரபி பெற்றிருந்தால் 30 சதவீதமாவது வேண்டும். நீண்ட காமாலையோ, கல்லீரல் தழும்பேறி இறுகும் சிரோசிஸோ இருந்தால் 40 சதவீதத்தை எதிர்பார்ப்பார்கள். உதாரணமாக, ஒருவரின் கல்லீரல் 1,200 மி.லி. என்றும், மிஞ்சப்போகும் இடப்பக்கம் 360 மி.லி. என்றும் வைத்துக்கொள்வோம். அது 30 சதவீதம். காமாலை கண்ட கல்லீரலுக்கு 480 மி.லி. தேவை என்றால் 120 மி.லி. குறைகிறது, அப்படியே வெட்டினால் அறுவை நன்றாக முடிந்தும் கல்லீரல் செயலிழந்து போகலாம். இந்த நிலையில், எடுக்கப்போகும் பக்கத்தின் போர்ட்டல் சிரைக் கிளையை ஊசி வழியாக அடைத்துவிடுவார்கள். குடலிலிருந்து வரும் ரத்தம் முழுவதும் மற்றப் பக்கத்துக்குத் திரும்பும். அந்தப் பக்கம் சில வாரங்களில் வளரும். ஜப்பானில் மக்குச்சி என்ற அறுவை மருத்துவர் 1980-களில் பித்தநாளக் கட்டி நோயாளிகளுக்கே இதை முதலில் செய்தார். அடைத்து மூன்று நான்கு வாரங்கள் கழித்து மீண்டும் சி.டி. எடுத்து, மீண்டும் அளப்பார்கள். உங்கள் தாயாருக்கு 'இன்னும் ஒரு மாதம் காத்திருங்கள்' என்று சொன்னால், அது அலட்சியத்தால் வந்த தாமதம் என்று எண்ணி வேறு இடத்துக்கு ஓட வேண்டாம். அந்த மாதத்தில்தான் கல்லீரல் வளர்கிறது.

அளவுக்கு அடுத்தபடியாக, குழாய்களின் மாறுபாடுகளைக் காண மாதிரி உதவுகிறது. ஏறத்தாழ 10 பேரில் ஒருவருக்கு வலப்பக்கத் தமனி, வழக்கமான இடத்தை விட்டு, சிறுகுடலுக்குச் செல்லும் பெரிய தமனியிலிருந்து கிளம்புகிறது. 100 பேரில் 10 பேருக்கு மேல், வலப்பக்கத்தின் பின்பகுதியிலிருந்து வரும் பித்தநாளம் இடப்பக்க நாளத்தில் போய்ச் சேர்கிறது. இதை அறியாமல் வெட்டினால் பித்தநீர் கசியும். வெட்டும் இடத்தில் எத்தனை நாள வாய்கள் திறக்கும், எத்தனை இணைப்புகள் போட வேண்டும் என்பதையும் முன்கூட்டியே கணிக்கலாம்.

பிலிம் போதாதா என்றால், போதாது. பிலிமைச் சுருட்டி மஞ்சள் பையில் வைத்துப் பத்திரமாகக் கொண்டுவருவார்கள். குறுந்தகடு வீட்டில் எங்கோ கிடக்கும். பிலிமில் இருப்பது தேர்ந்தெடுத்த சில படங்கள் மட்டுமே. அதிலிருந்தோ, வாட்ஸ்அப்பில் அனுப்பும் புகைப்படத்திலிருந்தோ எதையும் அளக்க முடியாது. ஸ்கேன் மையத்தில் 'டைகாம்' எனப்படும் கணினிக் கோப்பு வடிவில், மெல்லிய துண்டுகள் உட்பட எல்லாப் படங்களையும் குறுந்தகட்டிலோ பென் டிரைவிலோ கேட்டு வாங்குங்கள். சில மையங்கள் 5 மில்லிமீட்டர் துண்டுகளை மட்டும் பதிந்து தருகின்றன, மெல்லியவற்றைச் சில நாட்களில் கருவியிலிருந்து அழித்துவிடுகின்றன. ஆகவே ஸ்கேன் எடுத்த அன்றே கேட்பது நல்லது. மருந்து செலுத்துவதற்கு முன், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் அளவு ரத்தத்தில் பார்க்கப்பட வேண்டும், காமாலை நோயாளிகளின் சிறுநீரகம் எளிதில் பாதிக்கப்படும். நீரிழிவுக்கு மெட்ஃபார்மின் எடுத்துக்கொள்பவர் என்றால் அதையும், உடலில் பேஸ்மேக்கர் இருந்தால் எம்.ஆர்.சி.பி.க்கு முன் அதையும் சொல்லிவிடுங்கள்.

தனியாகப் பணம் கட்டுவது பற்றி என் கருத்தை மறைக்காமல் சொல்கிறேன். அளவு கணக்கிடுவது கட்டாயம். சுழலும் வண்ணப் படம் கட்டாயமில்லை. மெல்லிய துண்டு சி.டி. இருந்தால் ஸ்கேன் கணினியிலேயே கதிரியக்க மருத்துவர் கல்லீரலின் அளவைக் கணக்கிட்டுத் தர முடியும். அனுபவம் உள்ள அறுவை மருத்துவர் துண்டுப் படங்களைப் பார்த்தே குழாய்களின் போக்கை மனத்தில் கட்டிக்கொள்வார். ஆனாலும் கட்டி தமனியை ஒட்டியிருக்கும்போதும், மிஞ்சும் அளவு எல்லைக்கோட்டில் இருக்கும்போதும் முழு மாதிரி உண்மையிலேயே உதவுகிறது. ஜப்பானில் 2012 முதல் கல்லீரல் அறுவைக்கான இத்தகைய திட்டமிடலுக்கு மருத்துவக் காப்பீடு பணம் தருகிறது. இங்கே, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால், எந்தெந்தப் பரிசோதனைகள் சிகிச்சைத் தொகைக்குள் அடங்கும் என்று மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் முதலில் கேளுங்கள். பிளாஸ்டிக்கில் அச்சிட்டுக் கையில் தரும் மாதிரிக்குப் பணம் கேட்டால், உங்கள் தாயாரின் சிகிச்சைக்கு அது தேவையில்லை என்பேன்.

மாதிரியால் காட்ட முடியாதவையும் உண்டு. பித்தநாளக் கட்டி புற்றுநோயாக இருந்தால், அது நாளத்தின் சுவருக்குள் கண்ணுக்குத் தெரியாமல் ஊர்ந்து பரவும். வயிற்றுறையில் கடுகளவு முடிச்சுகளாக ஒட்டியிருக்கும். இவை எந்த ஸ்கேனிலும் தெரியாமல் போகலாம். அதனால்தான் சில நேரங்களில் முதலில் சிறு துளை வழியாகக் கேமராவைச் செலுத்தும் லேப்ராஸ்கோப்பி மூலம் பார்க்கிறார்கள், வெட்டிய நாளத்தின் ஓரத்தை அறுவையின் நடுவிலேயே நுண்ணோக்கிப் பரிசோதனைக்கு அனுப்புகிறார்கள். மாதிரி சொல்வது கல்லீரலின் அளவை. அது எவ்வளவு திறமையாக வேலை செய்கிறது என்பதற்கு ரத்தப் பரிசோதனைகள் வேண்டும். ஆகவே அறுவை மேசையில் திட்டம் மாறினால் மாதிரி தவறு என்றோ மருத்துவர் தவறினார் என்றோ பொருள் இல்லை.

இரண்டாவது கருத்து வேண்டும் என்றால் வெகு தூரம் போக வேண்டியதில்லை. உங்கள் பகுதிக்கு அருகிலேயே ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கல்லீரல், பித்தநாள அறுவைச் சிகிச்சைக்குத் தனித் துறை இருக்கிறது. எங்கே போனாலும் இந்த மூன்றைக் கேளுங்கள்: மிஞ்சும் கல்லீரல் எத்தனை சதவீதம், எந்தப் பக்கம் ஸ்டென்ட் வைக்கிறீர்கள், அந்தப் பக்கத்துத் தமனியும் போர்ட்டல் சிரையும் கட்டியிலிருந்து விலகியிருக்கின்றனவா. ஸ்கேன் குறுந்தகட்டின் உறை மேல் தேதியையும் 'ஸ்டென்ட்டுக்கு முன்' என்பதையும் பேனாவால் எழுதி, ஒரு பிரதியை வீட்டில் வைத்துக்கொண்டு, மற்றொன்றை ஸ்டென்ட் வைக்கும் நாளுக்கு முன்பே அறுவை மருத்துவரின் கையில் சேர்த்துவிடுங்கள்.