வழக்கு ஆவணங்களில் உங்கள் விவரங்கள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

விதிகள் நீதிமன்றத்துக்கு நீதிமன்றம் மாறும். உங்கள் வழக்கு நடக்கும் நீதிமன்றத்தின் விதிகளை ஒருமுறை படித்துவிட்டு இந்தப் பதில்களைப் பயன்படுத்துங்கள்.

கேள்வி: வக்கீல் வைக்காமல் நானே வழக்கு நடத்துகிறேன். வங்கிக் கணக்கு அறிக்கையை இணைக்க வேண்டும். கணக்கு எண் முழுதாகத் தெரியத்தான் வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். இதில் தெளிவான அளவுகோல் ஒன்று அமெரிக்க ஃபெடரல் (மத்திய) நீதிமன்றங்களில் 2007 டிசம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. கணக்கு எண்ணிலும், அங்கே அடையாள எண்ணாகப் பயன்படும் சமூகப் பாதுகாப்பு எண்ணிலும் கடைசி 4 இலக்கங்கள் மட்டும், பிறந்த தேதியில் ஆண்டு மட்டும், 18 வயது நிரம்பாதவர் பெயருக்குப் பதில் முதலெழுத்துகள் மட்டும். குற்ற வழக்குகளில் வீட்டு முகவரியும் ஊர், மாநிலம் என்ற அளவோடு நின்றுவிடும். உங்கள் நீதிமன்றத்தில் இப்படி எழுதிவைத்த விதி இல்லையென்றால், இதே அளவில் மறைத்துத் தாக்கல் செய்ய அனுமதி கேளுங்கள்.

எண்ணை மறைப்பதோடு வேலை முடியவில்லை. கணக்கு அறிக்கையின் ஒவ்வொரு வரியும் ஒரு தகவல்: எந்த மருத்துவரிடம் போனீர்கள், பிள்ளை எந்தப் பள்ளியில் படிக்கிறது, யாருக்குப் பணம் அனுப்பினீர்கள், எல்லாம் அதில் இருக்கும். வழக்குக்குத் தேவையான மாதங்களை மட்டும் இணையுங்கள். மூன்று பக்கம் போதும் என்ற இடத்தில் முப்பது பக்கம் கொடுக்காதீர்கள்.

கேள்வி: ஏதாவது விட்டுப்போனால் நீதிமன்ற அலுவலகம் பார்த்துச் சொல்லாதா?

அதை நம்பாதீர்கள். மேலே சொன்ன அமெரிக்க விதியின்படி, மறைத்திருக்கிறதா என்று பார்ப்பது அலுவலகத்தின் கடமை அல்ல. தாக்கல் செய்பவரின் பொறுப்பு. உங்களைப் பற்றிய விவரத்தை நீங்களே மறைக்காமல் தாக்கல் செய்தால், அந்தப் பாதுகாப்பை விட்டுக்கொடுத்ததாகவே அந்த விதி எடுத்துக்கொள்கிறது.

கேள்வி: பிடிஎஃப் கோப்பில் பெயர்களின் மேல் கருப்புக் கட்டம் வரைந்துவிட்டேன். போதுமா?

போதாது. அதிகம் பேர் தவறுவது இங்கேதான். கட்டம் மேலே இருக்கும், எழுத்து அடியில் அப்படியே இருக்கும். நகலெடுத்து வேறு இடத்தில் ஒட்டினால் வெளியே வந்துவிடும். 2019 ஜனவரியில், டிரம்ப்பின் முன்னாள் தேர்தல் பிரசாரத் தலைவர் பால் மனஃபோர்ட் தரப்பு வழக்கறிஞர்கள் தாக்கல் செய்த ஆவணத்தில் இதுதான் நடந்தது. கருப்பாக்கிய பகுதிகளைப் பத்திரிகையாளர்கள் அன்றே படித்துவிட்டார்கள்.

ஸ்கேன் செய்த ஆவணத்திலும் இதே ஆபத்து உண்டு. தேடுவதற்கு வசதியாக மென்பொருள் படத்துக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத எழுத்து அடுக்கு ஒன்றைச் சேர்த்திருக்கலாம். படத்தை மறைத்தாலும் அந்த அடுக்கு மறையாது. எழுத்தையே நீக்கும் கருவியைப் பயன்படுத்துங்கள். இல்லையென்றால் கணினியிலேயே மறைத்து, அச்செடுத்து, அந்தத் தாளை ஸ்கேன் செய்யுங்கள். தாளில் மார்க்கர் பேனாவால் அடித்தால் ஸ்கேனில் எழுத்து மங்கலாகத் தெரியக்கூடும், கவனம்.

அப்புறம் சோதித்துப் பாருங்கள். முழு ஆவணத்தையும் தேர்வு செய்து வெறும் எழுத்துக் கோப்பில் ஒட்டுங்கள். மறைத்த பெயரையும் எண்ணையும் தேடுங்கள். ஓரக் குறிப்புகள், பழைய திருத்தங்கள், கோப்பின் பெயர் ஆகியவற்றையும் பாருங்கள். உள்ளே கவனமாக மறைத்த குழந்தையின் பெயர் கோப்பின் பெயரில் இருந்தால் அத்தனை உழைப்பும் வீண்.

கேள்வி: குழந்தையின் பெயருக்குப் பதில் முதலெழுத்து போட்டால் அடையாளம் தெரியாதுதானே?

பள்ளி, வகுப்பு, பெற்றோர் பெயர், தெரு எல்லாம் அப்படியே இருந்தால் தெரிந்தவர்கள் எளிதில் கண்டுபிடித்துவிடுவார்கள். பாலியல் குற்றத்துக்கு ஆளானவர் விஷயத்தில் இந்திய உச்ச நீதிமன்றம் 2018-இல் இதைத்தான் வலியுறுத்தியது: பெயரை மட்டும் அல்ல, ஆளை அடையாளம் காட்டக்கூடிய எந்த விவரத்தையும் வெளியிடக் கூடாது. முதலெழுத்து போடுவதென்றால் மனு, வாக்குமூலம், இணைப்பு எல்லாவற்றிலும் ஒரே எழுத்தாக இருக்கட்டும். ஒரே ஓர் இணைப்பில் முழுப் பெயர் நழுவினாலும் மற்றதெல்லாம் அவிழ்ந்துவிடும்.

கேள்வி: மொத்த வழக்கையும் ரகசியமாக வைக்கச் சொல்லலாமா?

கேட்கலாம், கிடைப்பது கடினம். நீதிமன்றம் திறந்திருக்க வேண்டும் என்பது அடிப்படை விதி. அது நல்ல விதி. எந்தப் பக்கத்தில் எந்த வரி, வெளியானால் யாருக்கு என்ன பாதிப்பு என்று குறுக்கிக் கேட்டால் நீதிபதி காது கொடுப்பார். முழு எண்களும் பெயர்களும் நீதிபதிக்குத் தேவைப்பட்டால், அவற்றைத் தனிப் பட்டியலாக மூடிய உறையில் கொடுத்துவிட்டு, பொது ஆவணத்தில் ‘கணக்கு 1’, ‘கணக்கு 2’ என்று குறிப்பிட அனுமதி கேளுங்கள்.

கேள்வி: போன வாரம் தாக்கல் செய்த மனுவில் அம்மாவின் பிறந்த தேதியும் அடையாள எண்ணும் முழுதாகப் போய்விட்டன. இனி என்ன செய்வது?

இன்றே நீதிமன்ற அலுவலகத்தைத் தொடர்புகொண்டு, அந்த ஆவணத்தைப் பொதுமக்கள் பார்க்க முடியாதபடி தற்காலிகமாக நிறுத்திவைக்க முடியுமா என்று கேளுங்கள். கூடவே, மறைத்த பிரதியை அதற்குப் பதிலாக ஏற்கும்படி மனுப் போடுங்கள். இந்தப் புதிய மனுவில் அந்த எண்ணை மறுபடி எழுதிவிடாதீர்கள். பக்கத்தையும் வரியையும் குறிப்பிட்டால் போதும். அவசரத்தில் பலர் எண்ணை மறுபடி எழுதிவிடுகிறார்கள். எதிர்த்தரப்பிடமும் பழைய பிரதியைத் திருப்பித் தரவோ அழிக்கவோ எழுத்தில் கேளுங்கள்.

நீதிமன்றம் நீக்கினாலும், இதற்குள் வேறு இணையதளங்கள் நகலெடுத்திருந்தால் அவை தானாக மறையாது. அம்மாவின் பெயரைத் தேடிப் பார்த்து, கிடைக்கும் ஒவ்வொரு தளத்துக்கும் நீதிமன்ற உத்தரவின் பிரதியோடு தனித்தனியாக எழுத வேண்டும். அவருடைய வங்கிக்கும் முன்கூட்டியே தகவல் சொல்லிவையுங்கள்.