கத்தோலிக்கக் குருக்கள்தான் தினமும் பூசை வைக்கிறார்களே, அவர்களுடைய ஆன்மிக வாழ்வை வேறு யார் வளர்க்க வேண்டும்? பங்கு மக்களால் என்ன செய்ய முடியும்?

ஆறு வருடம் எங்கள் பங்குப் பேரவையில் செயலராக இருந்தேன். பங்குக் கோயிலோடு நான்கு கிளைக்கிராமங்கள், எல்லாவற்றுக்கும் ஒரே சாமி, அதாவது ஒரே பங்குக் குரு. அப்போது நான் செய்த ஒரு தவறைச் சொல்லித்தான் இதற்குப் பதில் சொல்ல முடியும்.

திருவிழாவின் ஒன்பதாம் நாள். சப்பரம் ஊரைச் சுற்றி வந்து சேரும்போது இரவு பதினொன்றேகால். பந்தல்காரரும் ஜெனரேட்டர்காரரும் பணத்துக்காகக் காத்து நின்றார்கள். சாமியைத் தேடினால், அவர் தங்கும் பங்களாவில் இல்லை. கோயிலுக்குள் விளக்கெல்லாம் அணைத்த பிறகு, முதல் பெஞ்சில் உட்கார்ந்து, செல்போன் வெளிச்சத்தில், குருக்கள் தினமும் சொல்ல வேண்டிய செபங்கள் அடங்கிய திருப்புகழ்மாலைப் புத்தகத்தை விரித்து வைத்திருந்தார். நான் போய், "சாமி, ஆளுங்க நிக்கிறாங்க, கணக்கை முடிச்சு அனுப்பிருவோமா?" என்றேன். படித்த இடத்தில் விரலை வைத்தபடியே புத்தகத்தை மூடி எழுந்து வந்தார். வராந்தாவில் நடக்கும்போது மெதுவாகச் சொன்னார்: "காலையில இருந்து ஆண்டவரப் பத்தி அஞ்சு தடவ பிரசங்கம் வச்சாச்சு. அவர்கிட்ட இன்னும் ஒரு வார்த்தை பேசல." குறையாகச் சொல்லவில்லை. ஆனால் கணக்கு முடியும்வரை அந்த விரலைப் புத்தகத்திலிருந்து எடுக்கவும் இல்லை. பந்தல்காரரைக் காலையில் வரச் சொல்லியிருக்கலாம் என்று எனக்கு அன்றைக்குத் தோன்றவே இல்லை.

பூசை வைப்பதே போதாதா என்றால், பாதி சரி. உலகெங்கும் உள்ள ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் குருக்களின் பணியையும் வாழ்வையும் பற்றி 1965 டிசம்பர் 7-இல் ஓர் ஏடு வெளியிட்டது. குரு தன் வேலையை விட்டுவிட்டு எங்கோ போய்ப் புனிதராக வேண்டியதில்லை, அந்த வேலையின் வழியாகவே புனிதராகிறார் என்கிறது அது. பூசைப் பலியும் போதனையும் மக்களைக் கவனிப்பதும்தான் அவருக்கான பாதை. ஆனால் நாலா பக்கமும் இழுக்கப்படுகிற குரு, உள்ளே இருக்கும் வாழ்வையும் வெளியே செய்யும் வேலையையும் எப்படி ஒன்றாகப் பிடித்துக்கொள்வது என்று தவிப்பதையும் அதே ஏடு சொல்கிறது. அந்த ஒருமை பலிபீடத்திலிருந்துதான் வருகிறது. செபத்தில் ஆழமாக இறங்காமல் அது கைகூடாது என்றும் சொல்கிறது. இந்தக் கடைசி வரி எங்களைப் போன்ற பேரவைக்காரர்கள் கவனிக்க வேண்டியது. அவர் இறங்குவதற்கு நேரம் யார் கையில் இருக்கிறது?

1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பில் 276-ஆம் சட்டத்தைப் பார்த்தால், குருவுக்கு என்னென்ன வேண்டும் என்பது தெளிவாக இருக்கிறது: இறைவார்த்தை, அன்றாடத் திருப்பலி, திருப்புகழ்மாலை, ஆன்மிகத் தியானம், மௌன செபம், அடிக்கடி பாவசங்கீர்த்தனம், மாதா பக்தி. பாவசங்கீர்த்தனத்தைப் பற்றி நிறையப் பேர் யோசிப்பதே இல்லை. ஊரார் பாவத்தையெல்லாம் கேட்கிறவர் தன் பாவத்துக்குத் தானே மன்னிப்புக் கொடுத்துக்கொள்ள முடியாது. இன்னொரு குருவிடம் போய் முழங்கால் போட வேண்டும். குருமடத்தில் ஆன்ம குரு என்று ஒருவர் கூடவே இருந்தார். பங்குக்கு வந்த பிறகு அப்படி ஒருவரை அவரேதான் தேடிக்கொள்ள வேண்டும், அவரிடம் போய் வர ஒரு பகல் வேண்டும். அந்தப் பகலில்தான் நாம் வீடு மந்திரிக்க, அதாவது ஆசீர்வதிக்க, வரச் சொல்கிறோம்.

குருக்கள் சில நாள் ஊரை விட்டு ஒதுங்கிச் செபத்தில் இருக்கும் தியானத்திலும் இதே கதைதான். என் தாத்தா காலத்தில் அதை ஞான ஒடுக்கம் என்பார்கள். எனக்கு அந்தச் சொல்தான் பிடிக்கும். ஒரு வருடம் சாமி தியானத்துக்குப் போன மூன்றாம் நாள் எங்கள் ஊரில் ஒரு துக்கம். பக்கத்துப் பங்கு சாமி அடக்கத்துக்கு வரத் தயாராக இருந்தார். குடும்பத்தார் "நம்ம சாமிதான் வரணும்" என்று பிடிவாதம் பிடித்தார்கள். போன் போட்டது நான்தான். வந்தார், அடக்கம் முடித்தார். மறுநாளும் ஊரில் வேலை சேர்ந்துகொண்டது. திரும்பிப் போகவில்லை.

அப்புறம்தான் பேரவையில் இதைத் தனியாக எடுத்துப் பேசினோம். முதலில் சாக்ரிஸ்டி, சாமி பூசைக்குத் தயாராகும் அறை. பூசைக்கு முந்தைய அரை மணி நேரம் அங்கே சந்தைபோல இருக்கும்: பூசைக்கருத்து எழுதுகிறவர், ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்கிறவர், மைக் சரியில்லை என்கிறவர், பக்கத்து வீட்டுச் சண்டையைச் சொல்கிறவர். மிலான் பேராயராக இருந்த புனித சார்லஸ் பொரோமியோ தன் குருக்களிடம் இதைத்தான் சொன்னார். அவருடைய திருநாளான நவம்பர் 4 அன்று குருக்கள் செபப் புத்தகத்தில் அந்தப் பிரசங்கத்தை வாசிக்கிறார்கள். உன்னிடம் கடவுள் அன்பின் சிறு பொறி பற்றியிருந்தால் உடனே காற்றில் காட்டாதே, அடுப்பை மூடி வை, சூடு போய்விடும் என்று அதில் வரும். எங்கள் சாமி ஒரு வருடம் அந்தத் திருநாள் பூசையில் இதை எடுத்துச் சொன்னார். எனக்கு சாக்ரிஸ்டிக் கதவுதான் ஞாபகம் வந்தது. நாங்கள் தினமும் போய்த் திறந்துவிட்டுக்கொண்டிருந்த அடுப்புக் கதவு.

கருத்துகளை முந்தின நாளே அலுவலக நோட்டில் எழுத வேண்டும், பூசைக்கு முன்னால் கோயில்பிள்ளையையும் பீடச்சிறுவரையும் தவிர யாரும் உள்ளே போகக் கூடாது என்று முடிவு செய்தோம். முதல் மாதம் எல்லாருக்கும் கோபம். திருவிழாக் கணக்கை முழுவதுமாகக் கமிட்டியே பார்த்துக்கொண்டது. மாதத் தியான நாளில் கிளைக்கிராமத்து வழிபாட்டை உபதேசியாரும் அருட்சகோதரிகளும் நடத்தினார்கள். ஞாயிறு பூசையையும் பேச வேண்டியிருந்தது. அவசியம் இருந்தால் ஆயர் அனுமதியோடு ஒரு குரு ஞாயிறன்று மூன்று பூசை வரை வைக்கலாம் என்கிறது சட்டம். எங்கள் ஊர்களுக்கோ ஒவ்வொன்றுக்கும் தனிப் பூசை வேண்டும், அதுவும் காலையிலேயே. இரண்டு ஊர்கள் மாற்றி மாற்றி ஒரே கோயிலில் கூடச் சம்மதித்தன.

இன்னொன்று, தனிமை. துறவற சபைக் குருக்களுக்குக் குழுமம் இருக்கிறது. மறைமாவட்டக் குரு பெரும்பாலும் ஒற்றை ஆளாகச் சாப்பிடுகிறார். குருக்கள் சேர்ந்து வாழ முடியாவிட்டால் ஒரே பந்தியிலாவது சாப்பிடட்டும், அதுவும் முடியாவிட்டால் அடிக்கடி கூடட்டும் என்று முன்னே சொன்ன வத்திக்கான் ஏடு கேட்கிறது. நாம் வீட்டுக்கு அழைத்து மீன் குழம்பு போடுவது நல்லதுதான், ஆனால் அது இதற்கு ஈடாகாது. பக்கத்துப் பங்குக் குருக்கள் கூடும் மறைவட்டக் கூட்டத்துக்குப் போனவர் சாயங்காலம் தாமதமாக வந்தால் முகம் சுளிக்காமல் இருந்தாலே பெரிய உதவி.

செபத்தைக் கடைசியாகச் சொல்வதால் அது சின்ன விஷயம் என்று அர்த்தமில்லை. பிரான்சின் லிசியே நகரில் வாழ்ந்த புனித குழந்தை தெரேசாள் கார்மேல் மடத்தில் சேர்ந்ததே ஆன்மாக்களுக்காகவும், குறிப்பாகக் குருக்களுக்காகவும் செபிக்கத்தான். ஒரு மறைபரப்பாளரையும் மறைபரப்புப் பணிக்குப் போகவிருந்த ஒரு குருமாணவரையும் சகோதரர்களாக ஏற்றுக் கடிதம் எழுதினார். 1995-இலிருந்து இயேசுவின் திருஇருதயப் பெருவிழாவைக் குருக்களின் புனிதத்துக்காகச் செபிக்கும் நாளாகத் திருச்சபை வைத்திருக்கிறது. பக்கத்து வீடுகள் சேர்ந்து செபிக்கும் எங்கள் அன்பியக் குழுக்களில் பாதிப் பேருக்கு இது தெரியாது. குருப்பட்ட நாளுக்கு ஃப்ளெக்ஸ் வைக்க மட்டும் மறப்பதில்லை. பெரிய வார எண்ணெய் மந்திரிப்புப் பூசையில் குருக்கள் தங்கள் வாக்குறுதியைப் புதுப்பித்ததும், ஆயர் மக்கள் பக்கம் திரும்பி அவர்களுக்காகச் செபிக்கச் சொல்வார். நாங்கள் ஒரு வேன் பிடித்துப் போனோம். பத்து பேர்தான். எங்களை அங்கே பார்த்ததும் சாமிக்குக் கண் கலங்கிவிட்டது.

அவர் மாற்றலாகிப் போய்விட்டார், நானும் பேரவையில் இல்லை. போன மாதம் ஒரு சான்றிதழுக்காகப் பூசைக்குப் பத்து நிமிடம் முன்னால் போனேன். சாக்ரிஸ்டி வாசலில் ஒரு பீடச்சிறுவன் கையை நீட்டி மறித்தான். "பூசை முடிஞ்சு வாங்க மாமா, சாமி செபம் பண்றாங்க."