சோப்பு நீர் களிமண்ணில் இறங்கினால் அதிலுள்ள சர்ஃபாக்டன்ட் மண்ணிலேயே தங்குமா, நீரோடு போய்விடுமா?

சர்ஃபாக்டன்ட் என்பது நீரை விரும்பும் தலையும் நீரை வெறுக்கும் வாலும் கொண்ட, அழுக்கு நீக்கும் மூலக்கூறு. எந்த சர்ஃபாக்டன்ட் என்று தெரியாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. ஆய்வகத்தில் களிமண்ணோடு மல்லுக்கட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன்: முதலில் பார்க்க வேண்டியது மூலக்கூறின் தலையில் இருக்கும் மின்சுமையை.

களிமண் துகள்கள் மெல்லிய தகடுகள். அவற்றின் படிக அமைப்பில் சில சிலிக்கான் இடங்களில் அலுமினியமும், சில அலுமினிய இடங்களில் மக்னீசியமும் உட்கார்ந்திருக்கும். அதனால் தகட்டுக்கு நிரந்தர எதிர்மின்சுமை. அதை ஈடுகட்ட சோடியம், கால்சியம் போன்ற நேரயனிகள் பரப்பில் காத்திருக்கும்.

துணி மென்மையூட்டியிலும் கிருமிநாசினியிலும் வரும் நேர்மின் சர்ஃபாக்டன்ட் வந்தால், அந்தச் சோடியத்தைத் தள்ளிவிட்டுத் தானே உட்கார்ந்துகொள்ளும். எவ்வளவு உட்காரும் என்பதைப் பெரும்பாலும் மண்ணின் நேரயனிப் பரிமாற்றத் திறன்தான், அதாவது அது மாற்றிக்கொள்ளக்கூடிய நேரயனிகளின் அளவுதான் முடிவுசெய்கிறது. மான்ட்மோரிலோனைட் என்ற களிமண் கனிமத்தில் 100 கிராமுக்கு அது சுமார் 80 முதல் 120 மில்லி ஈக்விவலன்ட் (அயனிகளின் மின்சுமையைக் கணக்கிடும் அலகு). கயோலினைட் என்ற இன்னொரு களிமண் கனிமத்துக்கு 3 முதல் 15 தான். 'களிமண்' என்று பொதுவாகப் பேசினால் ஒன்றும் புரியாது என்பதற்கு இந்த வித்தியாசமே போதும்.

இடமெல்லாம் நிரம்பினாலும் கதை நிற்காது. ஒட்டிய மூலக்கூறுகளின் வால்கள் புதிதாக வருபவற்றின் வால்களோடு சேர்ந்துகொள்ள, இரண்டாவது அடுக்கின் தலைகள் வெளிப்பக்கம் நிற்கும். எதிர்மின் பரப்பு நேர்மின் பரப்பாகிவிடும்! இதைக் கண்ணாலேயே பார்க்கலாம்: கொஞ்சம் சேர்த்தால் கலங்கல் திரண்டு படியும், மேலும் சேர்த்தால் மறுபடி கலங்கும். வெறும் நீரால் அலசினால் முதல் அடுக்கு அவ்வளவு எளிதில் விடாது.

தலையில் மின்சுமையே இல்லாத, அயனியில்லாத வகை ஹைட்ரஜன் பிணைப்பால் ஒட்டும். மான்ட்மோரிலோனைட்டில் தகடுகளுக்கு இடையிலும் நுழையும். தனி மூலக்கூறுகள்தான் ஒட்டுகின்றன, மிசெல்கள் (வால்கள் உள்ளேயும் தலைகள் வெளியேயுமாக மூலக்கூறுகள் திரளும் கொத்துகள்) அல்ல. அதனால் மிசெல் உருவாகும் செறிவை நெருங்கும்போது ஒட்டும் அளவும் பெரும்பாலும் ஒரு மட்டத்தில் நின்றுவிடும்.

சரி, நீங்கள் கேட்ட சோப்பு? சோப்பும், சலவைத்தூளில் உள்ள முக்கியமான சர்ஃபாக்டன்டும் எதிர்மின் வகை. தகட்டின் முகம் இவற்றை விரட்டும். அமிலத்தன்மையில் நேர்மின்சுமை பெறும் தகட்டு விளிம்புகள், இரும்பு ஆக்சைடுகள், மண்ணின் கரிமப் பொருள் ஆகியவற்றில்தான் கொஞ்சம் ஒட்டும். மீதி நீரோடு போகும், அல்லது நுண்ணுயிரிகள் தின்றுவிடும்.

இங்கேதான் எனக்கு ஒரு பழைய எரிச்சல். மண்ணிலிருந்து வெளியேறும் கால்சியம் எதிர்மின் சர்ஃபாக்டன்டோடு சேர்ந்து வீழ்படிவாகும். ஆய்வு செய்பவர்கள் சிலர் கரைசலில் சர்ஃபாக்டன்டின் அளவு குறைந்ததைப் பார்த்து, அத்தனையும் பரப்பில் ஒட்டியது என்று எழுதிவிடுகிறார்கள். மண்ணை நீரில் குலுக்கி, வடிகட்டி, அந்தத் தெளிந்த நீரில் மட்டும் சர்ஃபாக்டன்டைச் சேர்த்துப் பாருங்கள். அதிலும் கலங்கினால் உங்கள் கணக்கில் வீழ்படிவும் கலந்திருக்கிறது. கால்சியத்தைத் தனியாக அளந்து, முடிந்தால் மண்ணைச் சோடியம் வடிவத்துக்கு மாற்றி, சோதனையைத் திரும்பச் செய்யுங்கள்.