நினைவகச் சிப்பில் தரவை எழுதும் மென்பொருளில் ‘பஃபர்’ திரை எதற்கு? அதில் ஏன் இத்தனை எஃப்எஃப்?

பஃபர் என்பது கணினியின் நினைவகத்தில் சிப்புக்காக ஒதுக்கிய தற்காலிக இடம். கோப்பைத் திறந்தாலும் சரி, சிப்பைப் படித்தாலும் சரி, தரவு முதலில் இங்கேதான் வந்து உட்காரும்.

இடது ஓரத்தில் முகவரி. நடுவில் வரிக்குப் பெரும்பாலும் 16 பைட்டுகள், பதினாறடிமான எண்களில் (0 முதல் 9, பிறகு ஏ முதல் எஃப்). வலது ஓரத்தில் அதே பைட்டுகள் எழுத்து வடிவில்: நடுவில் 41 என்றிருந்தால் இங்கே ஆங்கிலப் பெரிய ‘ஏ’ தெரியும். பதிப்பு எண் மாதிரி விஷயங்கள் கண்ணில் படுவது இந்த ஓரத்தில்தான். நான் முதலில் பார்ப்பதும் அதைத்தான்.

எஃப்எஃப் என்றால் 8 பிட்டும் 1. ஈப்ராம் என்ற, அழித்து மறுபடி எழுதக்கூடிய நினைவகச் சிப்பை அழித்தால் எல்லா பிட்டும் 1 ஆகிவிடும். எழுதுவது என்பது தேவையான இடங்களில் அதை 0 ஆக்குவது, அவ்வளவுதான். தாளில் பஞ்ச் போடுவது போல: ஓட்டை போடலாம், போட்ட ஓட்டையை மூட முடியாது. புதுத் தாள் வேண்டுமென்றால் புற ஊதா ஒளியில் முழுச் சிப்பையும் அழிக்க வேண்டும்.

27சி256 என்ற ஈப்ராம் சிப்பில் 32,768 பைட் இடம் உண்டு. அதில் 8,192 பைட் கோப்பை ஏற்றினால், பதினாறடிமான முகவரி 2000 முதல் கடைசிவரை எஃப்எஃப். அப்படி இல்லாமல் வேறேதாவது தெரிந்தால், முந்தைய கோப்பின் மிச்சம் பஃபரில் ஒட்டிக்கொண்டிருக்கலாம். பஃபரைத் துடைத்துவிட்டு மறுபடி ஏற்றுங்கள்.

திரையில் ஒரு பைட்டைத் திருத்தியதும் சிப்பும் மாறிவிட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். எழுதும் பொத்தானை அழுத்தும்வரை சிப்பில் எதுவும் மாறாது.