காசைக் குறிக்கும் 'மொனேட்டா' என்ற லத்தீன் சொல் எங்கிருந்து வந்தது?

'எச்சரித்தல்' என்று பொருள்படும் 'மொனேரே' என்ற வினையே இதன் வேர் என்று பலரும் சொல்வது ரோமானிய எழுத்தாளர் சிசரோவைப் பின்பற்றித்தான்: நிலநடுக்கம் ஒன்றுக்குப் பின், சினைப்பன்றியைப் பலியிடுமாறு ரோமின் கோட்டைக் குன்றிலிருந்த ஜூனோ கோயிலிலிருந்து குரல் எழுந்ததால் அத்தேவி 'மொனேட்டா' என்ற பெயர் பெற்றாள் என்கிறார் அவர். பெயருக்கேற்பப் பின்னாளில் புனைந்த கதையாகவே எனக்கு இது படுகிறது. காசுக்கு அப்பெயர் வந்த வழியோ தெளிவானது. கி.மு. 344-இல் எழுந்த ஜூனோ மொனேட்டா கோயிலை ஒட்டியே பின்னர் ரோமின் அக்கசாலை (காசடிக்கும் இடம்) இயங்கியதால், தேவியின் பெயர் முதலில் அக்கசாலைக்கும், பிறகு அங்கே அடித்த காசுக்கும் ஆகிவந்தது. கி.மு. 46-ஆம் ஆண்டின் 'தெனாரியஸ்' என்ற ரோமானிய வெள்ளிக்காசு ஒன்றில் ஒருபுறம் மொனேட்டாவின் தலையும், மறுபுறம் காசடிக்கும் சுத்தியலும் இடுக்கியும் பொறிக்கப்பட்டுள்ளன. ஆங்கிலத்தின் 'மணி' (பணம்), 'மின்ட்' (அக்கசாலை) இரண்டும் இச்சொல்லின் வழிவந்தவையே. முன்னது பழைய பிரெஞ்சைச் சுற்றிக்கொண்டு வந்தது.